லிபியா என்று எழுதிய போத்தல்

தூசியைப் பற்றி முர்ஷித்திடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அரை மணித்தியாலம் போய்விடும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ரயில் போகும்போதெல்லாம் யன்னல் அதிரும் மூன்றாம் மாடி வீட்டில் இருந்துகொண்டு, உலகத்துத் தூசியெல்லாம் தனக்குத் தெரியும் என்பார் அந்த மனிதர். தெரியும்தான். பகலில் காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைச் சட்டத்துக்கு அளவாக உரசிப் பொருத்துவது அவர் தொழில். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் யுத்த டாங்கிகள். அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. உள்ளங்கையை விரித்தால் அதில் நிற்கும்.

பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டுவது பெரிய காரியமில்லை. ஒட்டி நிறம் பூசிவிட்டால் மட்டும் அது டாங்கியாகிவிடாது. கடையில் தொங்கும் விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும். அது யுத்தத்துக்குப் போய் வந்தது போல் ஆக வேண்டும். ஆட்கள் கால் வைத்து ஏறும் இடத்தில் நிறம் தேய வேண்டும். புகைக்குழாய் துருப்பிடிக்க வேண்டும். சங்கிலிப் பட்டியில் சேறு காய்ந்திருக்க வேண்டும். இதைப் 'பழசாக்கிறது' என்பார்கள் டாங்கி கட்டும் கூட்டத்தார். துரு நிறம் பூசிக் காயவிட்டு, தண்ணீர் தொட்டுச் சமையல் உப்பைத் தூவி, அதன் மேல் பச்சையோ மஞ்சளோ அடித்து, காய்ந்த பிறகு உப்பைத் தட்டிவிடுவார் முர்ஷித். உப்பு இருந்த இடமெல்லாம் நிறம் உரிந்து துரு எட்டிப் பார்க்கும்.

"ஆணத்துக்குப் போட உப்பில்ல. டாங்கிக்கு ஈக்கி" என்பாள் கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டே மனைவி லுத்பியா. இருபத்தைந்து வருடமாக அதே முறைப்பாடு. அவரும் அடுத்த நாள் இரண்டு பக்கற் உப்பு வாங்கி வந்து, ஒன்றைக் குசினியிலும் ஒன்றைத் தன் மேசையிலும் வைப்பார்.

தூசிக்கு வருவோம். அவருடைய பெரிய சட்டம் இதுதான்: உண்மைத் தூசி பொய்யாகத் தெரியும். அந்தச் சின்ன டாங்கியில் வீட்டுத் தூசி விழுந்தால் ஒவ்வொரு மணியும் அந்த அளவுக்குக் கூழாங்கல். ஒரு நூல் விழுந்தால் கப்பல் கயிறு. ஆகவே தூசியை நாமே செய்ய வேண்டும். கிருலப்பனையில் உடைத்த பழைய வீட்டுச் செங்கல், கால்வாய் ஓரத்துக் களிமண், பாடசாலைச் சோக்கு, விளக்குக் கரி எல்லாவற்றையும் அரைத்து, லுத்பியாவின் பழைய மெல்லிய சால்வையில் மூன்று தரம் சலித்து எடுப்பார். வெளிநாட்டில் இந்தத் தூள் விற்பவர்கள் தூளுக்கு ஊர்ப் பெயர்தான் வைப்பார்கள். இந்த நிறம் எந்தப் பாலைவனத்துக்கு, எந்தச் சேற்றுக்கு என்று வாங்குபவனுக்கு விளங்க வேண்டுமே. முர்ஷித்தும் அந்த வழக்கப்படியே, கடையில் வீசும் கண்ணாடி துடைக்கும் மருந்துப் போத்தல்களைக் கழுவி, தூளை நிரப்பி, அழகான ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். லிபியா. ஈராக். ஆப்கான். சிரியா இரண்டு. இரண்டு என்றால் இரண்டாம் தரம் அரைத்தது என்று அர்த்தம்.

ஒரு கொப்பியும் இருந்தது. கைப்பக்குவம் மறக்காமல் இருக்க எழுதி வைத்தது. 'ஈராக் கால் கரண்டி. வெடிப்புக் கரி ஒரு சிட்டிகை. ஸ்பிரிட் பத்துத் துளி. நன்றாகக் குலுக்கவும்.' வெடிப்புக் கரி என்றால் நிறத்தில் விழும் வெடிப்புகளுக்குள் தடவும் விளக்குக் கரி. இப்படிப் பக்கம் பக்கமாக.

ஆள் பிறந்தது கொட்டாஞ்சேனையில். வாப்பா துறைமுகத்தில் சாமான் எண்ணிக்கை பார்க்கும் கிளார்க். ஒருமுறை கப்பற்காரன் ஒருவன் பாதி ஒட்டிய டாங்கிப் பெட்டியொன்றை வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதில் மூன்று சக்கரம் குறைவு. பன்னிரண்டு வயது முர்ஷித் சட்டைப் பொத்தான்களைச் சக்கரமாக வைத்து ஒட்டினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மற்றப் பொடியன்கள் கிரிக்கெட்டுக்கும் படத்துக்கும் போன வயதில் இவர் பழைய சஞ்சிகைக் கடைகளில் டாங்கிப் படம் தேடித் திரிந்தார். ஒரு உயிரை நோகச் செய்யத் தெரியாத மனிதருக்கு யுத்த வாகனம் எதற்கு என்று கேட்டால், "துருவுக்கு" என்பார். அது பகிடியில்லை, உண்மை.

தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் இந்தப் பைத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கிளப் தொடங்கினார்கள். பல் வைத்தியர், விமானப்படையில் ஓய்வு பெற்றவர், வங்கி முகாமையாளர் என்று பதினைந்து இருபது பேர். தலைவர் இராஜநாயகம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தார். வெள்ளவத்தையில் பௌதீகவியல் டியூஷன் என்றால் அவர்தான். காலி வீதி விளக்குக் கம்பங்களில் அவர் முகம் ஒட்டியிருக்கும். கிளப்பின் கண்காட்சிகளில் நடுவரும் அவரே. புள்ளி போடுவதில் தாய் பிள்ளை பார்க்க மாட்டார். தன் சொந்த மருமகனின் டாங்கிக்குப் பத்துக்கு இரண்டு போட்டு, அந்த வீட்டில் ஆறு மாதம் அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை என்று கதை. முர்ஷித்தின் தூசிக்கு மட்டும் எப்போதும் ஒன்பது. பத்து ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "பத்தைப் போட்டா நீங்கள் நிண்டிடுவீங்கள்" என்றார் மாஸ்டர். அந்தப் பதிலை முர்ஷித் ஒரு பட்டம் போல நெஞ்சில் வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஏழில், தமிழர் வீடுகளையும் லொட்ஜுகளையும் சுற்றி வளைத்து ஆட்களை பஸ்ஸில் ஏற்றிய காலம், ஒரு காலையில் மாஸ்டரையும் ஏற்றிவிட்டார்கள். மாஸ்டரின் மனைவி றோஸி கண்ணாடிக் கடைக்கு ஓடி வந்து சொன்னாள். முர்ஷித் உரசிக்கொண்டிருந்த வில்லையை அப்படியே போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், மாஸ்டருக்காகப் பழசாக்கிக்கொண்டிருந்த ஒரு டாங்கியைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனார். துறைமுகத்தில் வளர்ந்த சிங்களம் அவருடையது. தண்ணீர் மாதிரி ஓடும். "இவர் என்னுடைய நண்பர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இதைத்தான் செய்கிறோம்" என்று பெட்டியைத் திறந்து காட்டினார். மேசையில் இருந்த பெரியவர் டாங்கியைத் தூக்கிப் பார்த்தார், சுடு குழாயைத் திருப்பிப் பார்த்தார், சிரித்தார், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பின்னேரம் நாலு மணிக்கு மாஸ்டர் வெளியே வந்தார். வாசலில் வைத்து முர்ஷித்தின் கையைப் பிடித்தவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் விடவில்லை.

"இதை நான் மறக்க மாட்டன், முர்ஷித்" என்றார்.

மறக்கவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். மறப்பது வேறு, வராமல் இருப்பது வேறு.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரலில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த பிறகு முஸ்லிம் வீடுகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஒழுங்கை முழுக்கப் பயம். அரபு எழுத்து இருந்த காலண்டரைக்கூட ஆட்கள் கழற்றினார்கள். லுத்பியா இரண்டு நாளாக அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பஹ்மாட வாப்பா, அந்தப் போத்தலெல்லாம் கொண்டுபோய் வீசிட்டு வாங்க. எனக்கு நெஞ்சு படபடண்டு அடிக்கிது."

"என்னத்துக்கு வீச? செங்கல் தூளு. சோக்குத் தூளு."

"அதுல என்னா எழுதி ஈக்கிண்டு கொஞ்சம் பாருங்களேன்!"

"இருவது வரிசத்துச் சாமான் லுத்பியா அது. கேட்டா செல்லலாம். மாஸ்டர் ஈக்கிறாரு. ஒரு கோல் எடுத்தாப் போதும், பத்து நிமிஷத்துல வந்து விளங்கப்படுத்துவாரு."

போத்தலில் ஒட்டிய பேப்பரையாவது கிழித்து எறியச் சொன்னாள் மகள் பஹ்மா. கிழித்தால் எது லிபியா எது ஈராக் என்று எனக்கே தெரியாது போய்விடும் என்றார். சொன்னது உண்மை. இந்த உலகத்தில் அந்த உண்மை விளங்கக்கூடியவர்கள் கொழும்பில் இருபது பேர். அந்த இருபது பேரில் ஒருவரும் பொலிஸில் இல்லை.

வந்தது காலை பத்து மணிக்கு. ஆறு பேரும் ஒரு நாயும். முர்ஷித் பயப்படவில்லை, அதுதான் பிழை. வந்தவர்களுக்குத் தானே அலுமாரியைத் திறந்துவிட்டார். முப்பத்தொரு டாங்கிகள். இளம் ஆமிக்காரன் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு "நியமாய் அய்யே!" என்றான். அருமை அண்ணே என்று அர்த்தம். முர்ஷித்துக்குப் பெருமை தாங்கவில்லை. நடுத்தட்டில் முடிந்தும் முடியாததுமாக நின்ற மட்டில்டாவை எடுத்துக் காட்டினார். ஆங்கிலேயர் லிபியாப் பாலைவனத்தில் ஓட்டிய டாங்கி; பதினொரு மாத வேலை. தூசி மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் பொறுப்பதிகாரி மேசை லாச்சியை இழுத்தார்.

"மேவா மொனவாத?" இவை என்ன என்று கேட்டார்.

"தூசி, சேர்."

"யார் செய்தது?"

"நான்தான்."

"எதற்குத் தூசி செய்கிறாய்?"

எந்தப் பாஷையில் சொன்னால் இதற்கு ஒரு பொலிஸ்காரர் தலையாட்டுவார்? முர்ஷித் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று தொடங்கினார். அதிகாரி ஒவ்வொரு போத்தலாக எடுத்து உரத்து வாசித்தார். ஈராக்கிலிருந்து வந்ததா என்று கேட்டார். இல்லை, கிருலப்பனையிலிருந்து என்றார் முர்ஷித். நாய் முகர்ந்து பார்த்துத் தும்மியது. பிறகு அந்தக் கொப்பி அகப்பட்டது. தமிழ் தெரிந்த ஒருவர் 'வெடிப்புக் கரி ஒரு சிட்டிகை, நன்றாகக் குலுக்கவும்' என்று சிங்களத்தில் மொழிபெயர்த்ததும் அதிகாரி நாயைப் பின்னால் இழுக்கச் சொன்னார். நிறம் அடிக்கும் சின்னக் கொம்பிரசரையும், போத்தல்களையும், கொப்பியையும், மட்டில்டாவோடு மூன்று டாங்கிகளையும், கடைசியாக முர்ஷித்தையும் கொண்டுபோனார்கள்.

படியில் இறங்கும்போது மகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மாஸ்டருக்கு ஒரு கோல் எடுங்க மகள்."

பொலிஸில் கேட்டதும் அதைத்தான். உன்னைத் தவிர வேறு யாராவது வந்து இது விளையாட்டுச் சாமான், இது நிறத்தூள் என்று சொல்லட்டும். கிளப் என்கிறாயே, அதன் தலைவர் வந்து ஒரு வாக்குமூலம் தரட்டும் என்றார்கள். தராவிட்டால் தூள்களைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அறிக்கை வரும்வரை உள்ளே இருக்க வேண்டும். முர்ஷித் சந்தோஷப்பட்டார். மாஸ்டரின் வீட்டிலிருந்து பொலிஸுக்குப் பத்து நிமிட நடை. வாசலைப் பார்த்தபடி வாங்கில் இருந்தார். அன்று பின்னேரம் நாலு மணியானது. அடுத்த நாளும் நாலு மணியானது. மூன்றாம் நாள் விளக்கமறியலுக்கு ஏற்றிவிட்டார்கள்.

பார்க்க வந்த லுத்பியா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்தாள். அவர் முதலில் கேட்டது வீட்டைப் பற்றியல்ல.

"மாஸ்டர் என்னா சென்னாரு?"

"கோல் எடுத்தா தூக்கிறாரில்ல. நானும் மகளும் கிளாஸுக்கே போனோம். படிக்குக் கீழ ஒரு மணித்தியாலம் நின்ட. பொறகு இறங்கி வந்தாரு."

"வந்து?"

"கமிட்டி கூடித்தான் கடிதம் குடுக்கலாமாம். எப்ப கூடும்ண்டு தெரியாதாம்." மாஸ்டர் சொன்னதை அவர் பேசிய மாதிரியே சொன்னாள் லுத்பியா. "'நான் தமிழன், தங்கச்சி. உங்கட ஆக்களுக்காகப் போய் நிண்டா என்ர பேரையுமெல்லோ எழுதுவாங்கள்? என்னட்டைப் படிக்கிற பிள்ளையளின்ர தாய் தகப்பன் என்ன நினைப்பினம்?' எண்டாரு. நாங்க நின்டதப் பாத்துட்டாங்களோண்டு றோட்டையே பாத்துட்டு ஈந்தாரு."

முர்ஷித் மாஸ்டருக்காகத்தான் பேசினார். "அவரு உள்ள போய் வந்த மனுசன். பயம் ஈக்கும்தானே. யோசிச்சிட்டு வருவாரு" என்றார். பத்தாம் நாளும் அப்படியே சொன்னார். இருபதாம் நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முப்பதாம் நாள், சுவரில் சாய்ந்திருந்தபோது, மாஸ்டரின் கை பஸ் நிறுத்தம் வரைக்கும் தன் கையைப் பிடித்திருந்தது ஞாபகம் வந்து, அந்தக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். வெறுப்பு என்றால் என்னவென்று ஐம்பத்திரண்டு வயதில்தான் அவருக்குத் தெரிய வந்தது. மோசமான சாமான் அது. உப்புப் போல, விழுந்த இடத்தை உரித்துக்கொண்டுதான் போகும்.

அறிக்கை வந்தது. சுண்ணாம்புக்கல், செங்கல், களிமண், விளக்குக் கரி. நாற்பத்துநாலாவது நாள் பிணையில் விட்டார்கள். வழக்கு மட்டும் முடியவில்லை. கண்ணாடிக் கடை முதலாளி நல்ல மனிதர். அதனால் கதிரை போட்டு இருக்கவைத்து, குளிர்பானம் கொடுத்து, "கொஞ்சக் காலம் போகட்டும் முர்ஷித், கஸ்டமர்ஸ் ஒரு மாதிரிப் பாக்கிறாங்க" என்றார். அந்தக் கொஞ்சக் காலம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. முர்ஷித் கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக் கடை வாசலில் மேசை போட்டு, உடைந்த மூக்குக்கண்ணாடிகளுக்கு ஆணி பூட்டினார். வீட்டில் மிஞ்சிய இருபத்தெட்டு டாங்கிகளையும் அவர் உள்ளே இருந்தபோதே லுத்பியா சாக்கில் கட்டிக் கால்வாயில் போட்டுவிட்டிருந்தாள். அதைச் சொல்லி அழுதவளை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை.

மாஸ்டரைக் காலி வீதியில் காண நேரும். அவர் ஒதுங்கிப் போகிறவர் இல்லை. நின்று, "என்ன முர்ஷித், ஏதும் டாங்கி கட்டுறீங்களோ?" என்று கேட்பார். "இல்ல மாஸ்டர்" என்பார் இவர். நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த நாற்பத்துநாலு நாளைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஒரு 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ' வந்திருந்தால் முர்ஷித் அந்த இடத்திலேயே உருகியிருப்பார். நான் அந்த மனிதரை அறிவேன்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் வழக்கைத் தள்ளினார்கள். சாமான்களை வந்து எடுத்துப் போகச் சொன்னார்கள். போத்தல்கள் வெறுமை. கொம்பிரசர் வேலை செய்யவில்லை. இரண்டு டாங்கிகள் நொறுங்கிப் போயிருந்தன. மட்டில்டா மட்டும் முழுசாக இருந்தது. அதன் சுடு குழாயில் நூலால் ஒரு மட்டை கட்டியிருந்தது: வழக்கு இலக்கம், பொருள் இலக்கம், பிடித்த திகதி. நாலு வருடம் சான்றுப் பொருள் அறையில், சைக்கிள்களுக்கும் கத்திகளுக்கும் நடுவில் கிடந்த டாங்கி அது. மேலெல்லாம் சாம்பல் நிறத் தூசி. இடையிடையே நூலாம்படை, ஒரு செத்த எறும்பு.

வீட்டுக்கு வந்து யன்னலடியில் வைத்து, கடையில் வேலை செய்த காலத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். ஆறு மணி ரயில் போனது. டாங்கி சின்னதாக நடுங்கியது. தூசி அசையவில்லை, அவ்வளவு ஒட்டிப் போயிருந்தது. லுத்பியா ஈரத்துணியோடு வந்தாள். "தொடாதீங்க" என்றார். அவர் அவளிடம் குரல் உயர்த்திய நாட்கள் வாழ்க்கையில் குறைவு. அது அதில் ஒன்று.

அந்த வருடக் கண்காட்சி பொரளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முர்ஷித் மட்டில்டாவைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். மட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டார். பெயர், அளவு, 'லிபியா, 1941' என்று அட்டை எழுதி வைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பழைய ஆட்கள் தோளில் தட்டினார்கள். நீண்ட நாளாய்க் காணவில்லையே என்றார் பல் வைத்தியர்.

மாஸ்டர் புள்ளித்தாளோடு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது, அது நடிப்பில்லை. குனிந்து, சின்ன டோர்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் உண்மையான கவலை.

"முர்ஷித், கோவிக்காதேங்கோ. நிறம் உரிஞ்சிருக்கிறது பிரமாதம். ஆனா இந்தத் தூசி சரியில்லை. மணி பெரிசு. பாலைவனத்தில இப்பிடிப் படியாது. இது என்ன, நூலெல்லாம் கிடக்கு? உங்கட கை இப்பிடிச் செய்யாதே."

"எத்தின புள்ளி மாஸ்டர்?"

"நாலு." எழுதிவிட்டுத்தான் சொன்னார். "எனக்குப் பொய் சொல்லத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும் மாஸ்டர்."

முர்ஷித் சட்டைப் பையிலிருந்து மட்டையை எடுத்து டாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். சிங்கள எழுத்து, மாஸ்டர் மெதுவாக வாசித்தார். வழக்கு இலக்கத்தை வாசித்தார், திகதியை வாசித்தார். திகதியைத் திரும்பவும் வாசித்தார். டோர்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் பேனாவைத் திறந்தார்.

"இஞ்ச விடுங்கோ முர்ஷித், நான் இதை மாத்திவிடுறன். ஒன்பது போடுறன்."

"வாணாம் மாஸ்டர். நாலு சரி. உண்மைத் தூசி பொய்யாத்தான் தெரியும். நானா ஈந்தாலும் நாலுதான் போட்டிருப்பேன்." முர்ஷித் மட்டையை எடுத்துத் திரும்பவும் சட்டைப் பையில் போட்டார். "நீங்க கண்டதக் கண்டபடி செல்ற மனுசன். அதுக்குத்தான் ஒங்கள அண்டைக்குப் பொலிஸுக்கு வரச் சென்ன."

மாஸ்டர் பேனாவை மூடாமல் நின்றார். முர்ஷித் தூசி கலையாமல் டாங்கியைத் தூக்கிச் சப்பாத்துப் பெட்டியில் வைத்து, மூடியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.